மேசையில் வைக்கப்பட்ட பதில்கள்

மதுராவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை அமைப்பது என்று 1970களின் தொடக்கத்தில் மத்திய அரசு முடிவெடுத்தது. அங்கிருந்து ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டரில் ஆக்ரா. ஆலைப் புகையில் வரும் கந்தகம் தாஜ்மகாலின் பளிங்கை அரித்துவிடாதா என்ற கேள்வி நாடாளுமன்றத்திலும் எழுந்தது. பதில் சொல்லும் பொறுப்பு பெட்ரோலியத் துறையிடம் இருந்தது. ஆலையைக் கட்டுகிற துறைதான் ஆலையால் கேடு வருமா என்பதற்கும் பதில் சொல்ல வேண்டிய துறை. சுற்றுச்சூழலுக்கென்று ஓர் அமைச்சகம் அப்போது இந்தியாவில் இல்லை.

ஆனாலும் அந்தக் கேள்விகள் வீண்போகவில்லை. 1974இல் வேதியியல் அறிஞர் எஸ். வரதராஜன் தலைமையில் ஒரு வல்லுநர் குழு அமைந்தது. ஆக்ராவின் காற்று, அது வீசும் திசை, நிலக்கரி எரித்துக்கொண்டிருந்த வார்ப்பாலைகள், மின் நிலையங்கள் எல்லாவற்றையும் அது ஆராய்ந்தது. தொழிற்சாலை வருவதற்கு முன்பே அதனால் காற்றுக்கு என்ன ஆகும் என்று ஆராயும் வழக்கம் நாட்டில் வேரூன்றாத காலம் அது. ஆலை நிற்கவில்லை, 1982இல் இயங்கத் தொடங்கியது. ஆனால் குழுவின் அறிக்கை ஆவணமாகத் தங்கியது. தாஜைச் சுற்றியுள்ள தொழிற்கூடங்கள் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும், இல்லையேல் இடம்பெயர வேண்டும் என்று 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அந்த அறிக்கையை எடுத்துப் பேசியது.

அந்நாளில் சுற்றுச்சூழல் குறித்த கேள்விகள் அமைச்சகங்களுக்கிடையே சிதறிக் கிடந்தன. காடும் காட்டுயிரும் வேளாண் அமைச்சகத்திடம். 1974இன் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் பொதுப்பணி, வீட்டுவசதி அமைச்சகத்திடம். 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டையொட்டி அமைந்த தேசியச் சுற்றுச்சூழல் குழு அறிவியல் தொழில்நுட்பத் துறையிடம். ஓர் ஆறு கெட்டால், அதில் பாதி ஒருவருக்கு, மீதி இன்னொருவருக்கு. இந்தச் சிதறலைப் போக்க வேண்டும் என்று 1980இல் என். டி. திவாரி தலைமையிலான குழு சொன்னது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று சுற்றுச்சூழல் துறை பிறந்தது. பிரதமர் இந்திரா காந்தி அதைத் தம் பொறுப்பிலேயே வைத்துக்கொண்டார். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் மின் திட்டம் வேண்டுமா, காடு வேண்டுமா என்ற வழக்கு உச்சத்தில் இருந்த நேரம். எம். ஜி. கே. மேனன் குழு ஆராய்ந்து சொன்ன பிறகு 1983இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. 1985இல் சுற்றுச்சூழலும் காடுகளும் ஒரே அமைச்சகமாயின. இனி யாரைக் கேட்பது என்ற குழப்பம் இல்லை, கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்ற நிலை அப்போதுதான் வந்தது.

கேட்பது எப்படி என்பதையும் சொல்லிவிட வேண்டும். செய்தித்தாள்களில் கேள்வி நேரம் என்று படிக்கிறோம்; அதன் நடைமுறை பலருக்கும் தெரிவதில்லை. மக்களவையில் நாள்தோறும் காலை 11 மணிக்கு அது தொடங்கும். உறுப்பினர் பதினைந்து முழு நாள்களுக்கு முன்பே கேள்வியை எழுதிக் கொடுக்க வேண்டும். வந்து குவிபவற்றில் 20 கேள்விகள் குலுக்கல் முறையில் தேர்வாகி நட்சத்திரக் குறி பெறும். அவற்றுக்கு அமைச்சர் அவையில் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். மேலும் 230 கேள்விகள் நட்சத்திரம் இல்லாதவை. அவற்றுக்கு எழுத்தில் பதில் வரும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு குரலா, எழுத்தா என்பதோடு முடிவதில்லை. நட்சத்திரக் கேள்விக்குத் துணைக் கேள்வி உண்டு. அமைச்சர் அதிகாரிகள் எழுதிக் கொடுத்ததைப் படித்து முடித்ததும், கேட்டவர் எழுந்து “அப்படியானால் இது எப்படி?” என்று மடக்கலாம். மற்ற உறுப்பினர்களும் சேரலாம். அங்கே எழுதிக் கொடுத்த தாள் மட்டும் போதாது. அமைச்சருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தத் துணைக் கேள்வியின் வலிமைக்கு நம்மூர்க்காரர் ஒருவரே சாட்சி. ஆயுள் காப்பீட்டுக் கழகம் முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனங்களில் பணம் போட்டது பற்றி 1957இல் ராம் சுபக் சிங் என்ற உறுப்பினர் கேள்வி எழுப்பினார். பெரோஸ் காந்தி அதை விடாமல் துருவினார். இருவருமே ஆளுங்கட்சிக்காரர்கள். 1958இல் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலக வேண்டியதாயிற்று.

சுற்றுச்சூழலில் அன்றைய பதில்களுக்குப் பெரிய குறை ஒன்று இருந்தது. அரசிடம் விவரமே இல்லை. நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 23 விழுக்காடு காடு என்பது வனத்துறைப் பதிவேடுகளின் கணக்கு. அமைச்சர்களும் அதையே நம்பியிருந்தார்கள். தேசியத் தொலையுணர்வு முகமை செயற்கைக்கோள் படங்களை வைத்து 1980களின் நடுவில் ஒரு கணக்கைச் சொன்னது. 1972-75இல் காடு 16.9 விழுக்காடு, 1980-82இல் 14.1 விழுக்காடு. அதாவது ஏழே ஆண்டுகளில் 90 லட்சம் ஹெக்டேருக்கு மேல் காணோம். பதிவேட்டில் காடு என்று இருந்த இடங்களில் பாதியில் மரமில்லை, அல்லது இருந்தும் இல்லாத நிலை. அதன் பிறகு வனத்துறையும் முகமையும் உட்கார்ந்து பேசிக் கணக்கைச் சரிக்கட்டி, 1987இல் முதல் காடுகள் அறிக்கை ஏறக்குறைய 19.5 விழுக்காட்டில் வந்து நின்றது. காற்றின் கதையும் இப்படித்தான். தேசியக் காற்றுக் கண்காணிப்பு 1984இல் தொடங்கியபோது இருந்தவை ஏழு நிலையங்கள், அவையும் ஆக்ராவிலும் அன்பராவிலும். சென்னைக் காற்று எப்படி இருக்கிறது என்று ஒருவர் அப்போது கேட்டிருந்தால், தேசியக் கண்காணிப்பில் அதற்கு அளவே இருந்திருக்காது.

அதனால் அந்நாளின் பதில்களில் அடிக்கடி வரும் வாசகம் ஒன்றுண்டு: தகவல் திரட்டப்படுகிறது, அவையின் மேசையில் வைக்கப்படும். மழுப்பல் போலத்தான் தெரியும். ஆனால் நாடாளுமன்ற நடைமுறையில் இந்த வாசகத்துக்குப் பல் உண்டு. மக்களவையில் 1953 முதலும் மாநிலங்களவையில் 1972 முதலும் அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. எந்தெந்தச் சொற்களை அமைச்சர் சொன்னால் அது உறுதிமொழியாகும் என்று ஒரு பட்டியலே அதனிடம் உண்டு. ‘தகவல் திரட்டப்படுகிறது’, ‘பரிசீலனையில் உள்ளது’, ‘கவனிக்கிறேன்’ எல்லாம் அதில் அடக்கம். சொன்னால் மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் குழுவிடம் கால நீட்டிப்புக் கேட்க வேண்டும். தெரியாது என்று ஒப்புக்கொண்ட அமைச்சர், அந்த ஒப்புதலாலேயே கடன்பட்டவராகிவிடுவார். கடன் வசூலாகாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்ததும் உண்டு. ஆனாலும் கணக்கில் அது இருந்தது.

உறுப்பினர்கள் பதிலில் நிறைவு கொள்ளாமல் விடாப்பிடியாக நின்ற காலமும் இருந்தது. 2003 ஆகஸ்டில் குளிர்பானங்களில் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாக டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் அறிவித்தது. அரசு ஆய்வகங்களில் சோதித்த முடிவுகளோடு சுகாதார அமைச்சர் சுஷ்மா சுவராஜ் நாடாளுமன்றத்தில் விளக்கம் தந்தார். உறுப்பினர்கள் ஏற்கவில்லை. அந்த மாதமே சரத் பவார் தலைமையில் கூட்டுக் குழு அமைந்தது. 2004 பிப்ரவரியில் அது அறிக்கை தந்தது. மையத்தின் கண்டுபிடிப்பு சரி என்றது. ஒரு பாட்டில் பானத்துக்காக நாடாளுமன்றம் கூட்டுக் குழு அமைத்ததை இன்று நினைத்துப் பார்த்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

இந்த வரலாற்றில் தமிழ்நாட்டுக்குத் தனிப் பங்கு உண்டு. 1999 முதல் 2003 வரை டி. ஆர். பாலு, 2004 முதல் 2007 வரை ஆ. இராசா, 2011 முதல் 2013 வரை ஜெயந்தி நடராஜன் என்று நீண்ட காலம் இந்த அமைச்சகத்தின் சார்பில் பதில் சொன்னவர்கள் நம் மாநிலத்துக்காரர்கள். 2002இல் டெல்லியில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் பாலு. இன்றளவும் நடைமுறையில் உள்ள சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 2006 செப்டம்பரில் இராசா காலத்தில் வந்தது. ஆனால் நம் பேச்சுக்கு மிக நெருக்கமானது ஜெயந்தி நடராஜன் 2012இல் பிரதமருக்கு எழுதிய கடிதம். பெரிய திட்டங்களுக்கு அனுமதி தாமதமாகிறது, எனவே தேசிய முதலீட்டு வாரியம் ஒன்றை அமைத்து முடிவெடுக்கும் அதிகாரத்தைக் கொடுப்போம் என்று நிதியமைச்சகம் சொன்ன நேரம். அமைச்சரின் முடிவை வாரியம் மாற்றினால், அதற்கு நாடாளுமன்றத்தில் பதில் சொல்வது யார் என்பது அக்கடிதத்தின் வாதங்களில் ஒன்று. அமைச்சராக அவர் செய்தவை, செய்யாதவை பற்றிப் பல கருத்துகள் உண்டு. பின்னாளில் அவரே கட்சி மேலிடத்தின் தலையீடு பற்றிக் குற்றம்சாட்டி 2015இல் காங்கிரசை விட்டு வெளியேறினார். இருந்தாலும் அந்தக் கேள்வி இன்றும் பதிலின்றி நிற்கிறது. முடிவு ஓரிடத்திலும் பதில் வேறிடத்திலும் இருந்தால், கேள்வி நேரத்தில் பேசுபவர் வெறும் ஒலிபெருக்கி.

ஜெயந்தி நடராஜனுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்த ஜெய்ராம் ரமேஷ் எதிர்த்திசையில் போய்ப் பார்த்தார். மரபணு மாற்றிய கத்தரிக்காய் விவகாரத்தில் 2010 தொடக்கத்தில் ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டு, பிப்ரவரி 9 அன்று தடை அறிவித்தபோது, முடிவுக்கான காரணங்களை விரிவாக எழுதி வெளியிட்டார். 2009 டிசம்பர் 3 அன்று, கோபன்ஹேகன் மாநாட்டுக்குச் சில நாள் முன்பு, உமிழ்வின் செறிவை 2020க்குள் 20 முதல் 25 விழுக்காடு குறைப்போம் என்ற இந்தியாவின் நிலைப்பாட்டை அவர் அறிவித்தது மக்களவை விவாதத்தில்தான். முதலில் அவைக்குச் சொல்வது என்ற அந்த மரியாதை எனக்குப் பிடித்தமானது. 2021இல் நிகர பூஜ்ய உமிழ்வு இலக்கான 2070ஆம் ஆண்டை நாம் கேட்டது கிளாஸ்கோ மேடையிலிருந்து.

இன்றைய நிலைக்கு வருவோம். பதில்கள் அன்றே இணையத்தில் ஏறிவிடுகின்றன. அன்று நூலகத்தில் தடித்த தொகுதிகளைப் புரட்ட வேண்டியிருந்தது. இன்று தூத்துக்குடியில் இருக்கும் கல்லூரி மாணவி மாலைக்குள் கைப்பேசியில் படித்துவிடலாம். ஏழு நிலையங்கள் இருந்த இடத்தில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட காற்றுக் கண்காணிப்பு நிலையங்கள். பதிலோடு மாநிலவாரிப் பட்டியல் இணைப்பாக வருகிறது. இவை சிறிய ஆதாயங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். 1980களின் உறுப்பினர் ஒருவருக்கு இத்தனை எண்கள் கையில் கிடைத்திருந்தால் என்னென்ன கேட்டிருப்பார்!

ஆனால் பதிலின் உட்கூறு மாறிவிட்டது. காற்று மாசால் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் யாராவது ஒருவர் கேட்கிறார். ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே பதில்: இறப்புக்கும் நோய்க்கும் காற்று மாசு மட்டுமே காரணம் என்று நேரடியாக நிறுவும் முடிவான தரவு நாட்டில் இல்லை, உடல்நலம் என்பது உணவுப் பழக்கம், தொழில், பொருளாதார நிலை, எதிர்ப்புச் சக்தி, பரம்பரை எனப் பலவற்றின் கூட்டு விளைவு. 2019 டிசம்பரில் பிரகாஷ் ஜவடேகர் மக்களவையில் ஒரு படி மேலே போய், மாசுக்கும் ஆயுள் குறைவுக்கும் தொடர்பு இருப்பதாக எந்த இந்திய ஆய்வும் காட்டவில்லை, மக்களிடம் அச்சத்தைப் பரப்ப வேண்டாம் என்றார். அதற்குச் சரியாக ஓராண்டு முன்பு, 2018 டிசம்பரில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பங்கேற்ற ஆய்வு லான்செட் குழும இதழில் வெளியாகியிருந்தது. 2017இல் காற்று மாசு தொடர்பான இறப்புகள் 12.4 லட்சம் என்றும், மாசு இத்தனை இல்லாதிருந்தால் இந்தியரின் சராசரி ஆயுள் 1.7 ஆண்டுகள் கூடியிருக்கும் என்றும் அது மதிப்பிட்டது. கழகம் அரசின் சொந்த நிறுவனம். அந்த ஆய்வில் அதன் தலைமை இயக்குநரின் பெயரும் இருந்தது.

‘மட்டுமே’, ‘நேரடியாக’, ‘முடிவான’ என்ற மூன்று சொற்களும்தான் அந்தப் பதிலைத் தாங்கி நிற்கின்றன. எந்த மருத்துவரும் ஓர் இறப்புச் சான்றிதழில் காற்று மாசு என்று மட்டும் எழுத மாட்டார். புகையிலைக்கும் இதே வாதம் பொருந்தும். ஆனால் புகையிலையால் ஆகும் இறப்புகளை எடுத்துச் சொல்ல அரசு தயங்குவதில்லை. பழைய பதிலோடு ஒப்பிட்டால் இன்னொன்றும் புரியும். ‘தகவல் திரட்டப்படுகிறது’ என்றால் உறுதிமொழிக் குழு பிடித்துக்கொள்ளும். ‘முடிவான தரவு இல்லை’, ‘மத்திய அளவில் இத்தகைய விவரம் பராமரிக்கப்படுவதில்லை’ என்றால் பிடிக்க எதுவுமில்லை. எதையும் வாக்களிக்காத, எனவே எதையும் மீறாத பதில் அது.

அனல் மின் நிலையங்களின் கதையில் இதன் விளைவை முழுதாகப் பார்க்கலாம். 2015 டிசம்பர் 7 அன்று சுற்றுச்சூழல் அமைச்சகம் புது விதிகளை வெளியிட்டது. நிலக்கரி மின் நிலையங்கள் புகைபோக்கியிலிருந்து கந்தக டைஆக்சைடைப் பிரித்தெடுக்கும் எஃப்.ஜி.டி. கருவியைப் பொருத்த வேண்டும், கெடு இரண்டு ஆண்டு. எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் சாம்பலுக்கும் புகைக்கும் நடுவே வாழ்பவர்களுக்கு அது பெரிய செய்தி. கெடு முடிந்தது. 2022 வரை நீண்டது. 2021இல் நிலையங்களை வகை பிரித்து மீண்டும் நீண்டது. 2022இல் இன்னொரு முறை, 2024 டிசம்பரில் இன்னொரு முறை. ஒவ்வொரு நீட்டிப்புக்கும் இடையில் இரு அவைகளிலும் கேள்விகள் வந்தன. ஒவ்வொரு முறையும் அன்றைய தேதிக்குப் பொருந்தும் கெடு பதிலாகத் தரப்பட்டது. 2025 ஜூலையில், ஏறத்தாழ 78 விழுக்காடு நிலையங்களுக்கு அந்தக் கருவி தேவையில்லை என்றே விலக்கு வந்துவிட்டது. டெல்லி வட்டாரத்துக்கும் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் கொண்ட நகரங்களுக்கும் பத்து கிலோமீட்டருக்குள் இருப்பவற்றுக்கு மட்டும் கட்டாயம். இன்னும் சில நிலையங்கள் ஒவ்வொன்றாகப் பரிசீலிக்கப்படும்.

அரசு சொல்லும் காரணங்களை ஒதுக்கிவிட முடியாது. கருவியின் செலவு மிக அதிகம், இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு, சுற்றுக்காற்றில் கந்தக டைஆக்சைடு வரம்புக்குள்தான் இருக்கிறது என்கிறார்கள். அந்த வாயு காற்றில் கலந்த பின் நுண்துகளாக மாறி நுரையீரலுக்குள் போகிறது என்பது எதிர்த் தரப்பின் வாதம். அறிவியலும் அப்படித்தான் சொல்கிறது. எந்தப் பக்கம் நின்றாலும் அவையில் கேட்கப்பட வேண்டிய துணைக் கேள்வி ஒன்று உண்டு: 2015இலும் இந்திய நிலக்கரியில் கந்தகம் இதே அளவுதானே இருந்தது? இந்தப் பத்தாண்டில் மாறியது எது? எழுத்துப் பதிலில் இந்தக் கேள்விக்கு இடமே கிடையாது.

காட்டுக் கணக்கும் அப்படியே. 2023ஆம் ஆண்டுக்கான அறிக்கைப்படி காடும் மரங்களும் சேர்ந்து 8,27,357 சதுர கிலோமீட்டர், நாட்டின் பரப்பில் 25.17 விழுக்காடு. காடு மட்டும் 7,15,343. ஒரு ஹெக்டேருக்கு மேல் பரப்பும் பத்து விழுக்காட்டுக்கு மேல் தழையடர்த்தியும் இருந்தால் போதும், நிலம் யாருடையது, மரம் எந்த வகை என்று பார்ப்பதில்லை. பொள்ளாச்சித் தென்னந்தோப்பும் வால்பாறைச் சோலையும் ஒரே கணக்கில் ஏறும். தென்னந்தோப்பில் சிங்கவால் குரங்கு வாழாது. காடு வளர்ந்ததா என்று உறுப்பினர் கேட்டால் வளர்ந்தது என்ற பதில் உண்மையானதே. எந்தக் காடு என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

பெரிய நிக்கோபார் தீவில் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரம் என்று ஒரு பெருந்திட்டம் 2022இல் அனுமதி பெற்றது. 130.75 சதுர கிலோமீட்டர் வெப்பமண்டலக் காடு அதற்குப் போகிறது. எத்தனை மரம் வெட்டப்படும்? அனுமதி ஆவணத்தில் 8.52 லட்சம். 2023 ஆகஸ்டில் இணையமைச்சர் அஸ்வினி குமார் சௌபே நாடாளுமன்றத்தில் தந்த பதிலில் 9.64 லட்சம். 2025இல் அமைச்சர் பூபேந்தர் யாதவ் எழுதிய கட்டுரையில் அதிகபட்சம் 7.11 லட்சம். ஈடுகட்டும் காடு வளர்ப்பு, தீவிலிருந்து வெகுதூரத்தில், ஹரியானாவில் என்றார்கள். தோணி ஆமை கரையேறி முட்டையிடும் கலத்தியா விரிகுடாவும் ஷோம்பென் பழங்குடிகளின் காடும் அங்கே இருக்கின்றன. ஒரே திட்டத்துக்கு மூன்று எண் எப்படி வந்தது என்று அமைச்சரை நிற்கவைத்துக் கேட்கும் அரைமணி நேரம் கிடைத்திருந்தால், அது நாட்டுக்குப் பயனுள்ள அரைமணியாக இருந்திருக்கும்.

கிடைப்பதில்லை. அமளியில் கேள்வி நேரம் கரைவது வழக்கமாகிவிட்டது. அதற்கு எதிர்க்கட்சியும் ஆளுங்கட்சியும் இடம் மாறி இடம் மாறிப் பொறுப்பு. நல்ல நாளிலும் இருபது நட்சத்திரக் கேள்விகளில் ஐந்தாறுதான் வாய்ப்பதிலை எட்டுகின்றன. மற்றவை எழுத்துப் பதிலாக மேசைக்குப் போய்விடும். 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரமே நீக்கப்பட்டது. அந்த நேரம் எப்படிப்பட்டது என்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை அந்த ஆண்டு மார்ச்சில் வெளியாகி, மக்கள் கருத்துக் கேட்புக்கான 30 நாளை 20 நாளாகக் குறைக்கச் சொன்னது. வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வந்தது; எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்திலும் வெளியிடுங்கள் என்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட, அமைச்சகம் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. லட்சக்கணக்கானோர் மறுப்புக் கடிதம் அனுப்பினார்கள், தமிழ்நாட்டிலிருந்தும் ஏராளம். நாடே கேட்டுக்கொண்டிருந்த அந்த மாதத்தில், அமைச்சரை எழுப்பிக் கேட்க நாடாளுமன்றத்தில் வழியில்லை. எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில்.

கேட்க ஓர் ஆள் என்ற 1985இன் ஆதாயமும் தேய்ந்துவருகிறது. 2019இல் ஜல்சக்தி அமைச்சகம் வந்தபோது ஆறுகளைத் தூய்மைப்படுத்தும் பணி அங்கே போய்விட்டது. கூவத்தின் ஆவடி – சத்யா நகர் பகுதியில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 345 மில்லிகிராம் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2022 அறிக்கை சொன்னது. நாட்டில் அளக்கப்பட்ட ஆறுகளிலேயே மிக மோசமான அளவு அது. மூன்று மில்லிகிராமைத் தாண்டினாலே கெட்ட நீர் என்பது வாரியத்தின் கணக்கு. அளக்கும் வாரியம் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கீழ். சரிசெய்யும் பொறுப்பு ஜல்சக்தியிடம். கழிவுநீர் மாநிலப் பொருள். காற்றில் நுண்துகள் சுற்றுச்சூழலுக்கு, அதைச் சுவாசித்த நுரையீரல் சுகாதாரத்துக்கு, வைக்கோல் எரிப்பு வேளாண்மைக்கு. திவாரி குழு எதைக் களையச் சொன்னதோ அது திரும்பிவிட்டது. அத்தோடு, வழக்கு நிலுவையில் உள்ளது என்ற பதிலும் சேர்ந்துகொண்டது. கூடலூர்க் காடுகளுக்காகக் கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் காடு என்பதற்குப் பரந்த பொருள் தந்ததிலிருந்து, காட்டின் காவலாள் அவையா, நீதிமன்றமா என்ற கேள்வி எழுந்துகொண்டே இருக்கிறது. நீதிமன்றம் காத்த காடுகள் பல. ஆனால் நீதிபதியை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. அமைச்சர் பதில் சொல்ல வேண்டியது நாம் தேர்ந்தெடுத்தவர்களிடம்.

அமைச்சர்கள் எதைப் பெருமையாகச் சொல்கிறார்கள் என்பதிலும் காலம் தெரிகிறது. அன்று, ஒரு திட்டத்தை ஆராயக் குழு அமைத்திருக்கிறோம் என்பார்கள். இன்று, அனுமதி வழங்கும் நாள்களைக் குறைத்திருக்கிறோம் என்கிறார்கள். மாநில மதிப்பீட்டு ஆணையங்களுக்கு வேகத்தின் அடிப்படையில் நட்சத்திரம் தரும் முறையையே 2022 ஜனவரியில் அமைச்சகம் அறிவித்தது. எண்பது நாளுக்குள் அனுமதி தந்தால் முழு மதிப்பெண். தாமதத்தால் ஆகும் நட்டம் உண்மைதான். அதைப் பேச தொழில், நிதி, மின்சாரம் என்று அமைச்சகங்கள் பல இருக்கின்றன. காட்டுக்காகவும் காற்றுக்காகவும் பேச இருக்கும் அமைச்சகம் இது ஒன்றே.

என் தீர்ப்பு இதுதான்: அன்றைய அமைச்சருக்குத் தெரிந்தது குறைவு, பட்ட கடன் அதிகம். இன்றைய அமைச்சருக்குத் தெரிந்தது மிக அதிகம், பதிலால் அவர் படும் கடன் ஏறக்குறைய ஒன்றுமில்லை. கட்சிகள் மாறி மாறி ஆண்ட காலம் முழுவதும் இந்தச் சரிவு நடந்திருக்கிறது. இதை நிறுத்தும் வலு உறுப்பினர்களிடம் இருக்கிறது. உறுப்பினர்களை அசைக்கும் வலு தொகுதியில் இருக்கிறது.

நாடாளுமன்ற இணையதளத்தில் உங்கள் தொகுதி உறுப்பினரின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அவர் சுற்றுச்சூழல் அமைச்சரிடம் என்ன கேட்டார், என்ன பதில் வந்தது என்று இருக்கும். உங்கள் ஊர் ஆற்றையோ ஏரியையோ ஆலைப் புகையையோ பற்றி ஒன்றும் இல்லையென்றால், நீங்களே ஒரு கேள்வி எழுதி அனுப்புங்கள். பொதுவாக எழுதாதீர்கள், இடத்தின் பெயர், ஆண்டு, வாரியத்தின் அளவு, அரசு முன்பு தந்த கெடுவின் தேதி எல்லாம் அதில் இருக்கட்டும். நட்சத்திரக் கேள்வியாகக் கொடுக்கச் சொல்லுங்கள், துணைக் கேள்வியையும் சேர்த்தே எழுதிக் கொடுங்கள். கேள்வி பதினைந்து முழு நாள்களுக்கு முன் அவைச் செயலகம் போய்ச் சேர வேண்டும் என்பதால், அடுத்த கூட்டத்தொடர் அறிவிப்பு வந்த அன்றே அனுப்பிவிடுங்கள்.